விடுமுறை நடிக்கும் பிள்ளைகள்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமீது ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மே மாதம் பிறந்துவிட்டால் அவ்வளைவுகளில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு வாங்கி நிற்பதைக் காணலாம். ஏற்காடு பள்ளிக்கூடங்களின் ஊர். 1917-இல் தொடங்கப்பட்ட மான்ட்ஃபோர்ட் பள்ளி முதலாய விடுதிப் பள்ளிகளின் பிள்ளைகள், கோடை விடுமுறை வந்ததும் பெட்டி படுக்கைகளோடு கீழே இறங்குவர். சமவெளிப் பிள்ளைகளோ பெற்றோரின் கைபிடித்து மேலே ஏறுவர். ஏரியில் படகு, சீமாட்டி இருக்கையிலிருந்து இரவில் தெரியும் சேலத்து விளக்குகள், சோளக் கதிர், பலாச்சுளை என்று அவர்களது நாள்கள் இன்பமாகக் கழியும்.

அம்மலையிலுள்ள பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், ஒரு மே மாதம் இவர்களுக்கு நடுவே வேறொரு கூட்டமும் ஏறி வந்தது. ஜெனரேட்டர் வண்டி, விளக்குகள் ஏற்றிய லாரி, சமையல் வண்டி, இரண்டு மூன்று பேருந்துகள். திரைப்படம் எடுக்க வந்திருந்தார்கள். பட்டணத்துக் குடும்பம் ஒன்று கோடை விடுமுறைக்கு மலைக்கு வருகிறது. அங்கே அக்குடும்பத்துச் சிறுவனுக்குத் தோட்டத்துச் சிறுவன் ஒருவன் நண்பனாகிறான். இதுதான் கதை என்று சொன்னார்கள். குழந்தைகள் பார்ப்பதற்கேற்ற நல்ல கதை. நமக்கும் மகிழ்ச்சியே.

சினிமாவும் இம்மலையும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல. 1935-இல் டி.ஆர். சுந்தரம் அவர்கள் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார் ஏற்காடு செல்லும் சாலையிலேயே தம் கூடத்தை அமைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளினர். மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய 'பாலன்' (1938) அங்கிருந்து வந்ததே. முழுவதும் வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) என்பதை நம் பெரியவர்கள் இன்றும் சொல்லுவர். அதுவும் அவர்கள் எடுத்ததே. கூடம் போய்விட்டது. வாயில் வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது. பேருந்தில் கடந்து செல்லும்போது எத்தனை பேர் அதைத் திரும்பிப் பார்க்கிறார்களோ தெரியாது.

மூன்றாம் நாள் காலைத் திருப்பலி முடிந்தபின், ஏரிப் பக்கம் ஒரு நோயாளியைக் காணச் சென்ற நாம், திரும்பும் வழியில் சற்று நின்று பார்த்தோம். எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன், கம்பளிச் சட்டையும் கழுத்தில் ஒரு துணியுமாய்ப் புல்மேட்டிலிருந்து ஏரியை நோக்கி ஓடி வர வேண்டும். வந்து, "அப்பா, படகு!" என்று கூவ வேண்டும். அவ்வளவே. அவன் ஓடினான். மேகம் சூரியனை மறைத்துவிட்டது. மறுபடி ஓடினான். பின்னால் யாரோ ஒரு சுற்றுலாப் பயணி கேமராவைப் பார்த்துக் கையசைத்துவிட்டார். மறுபடி ஓடினான். இம்முறை கூவல் போதவில்லையாம். நாம் அங்கு நின்ற அரைமணி நேரத்தில் அப்பிள்ளை ஒன்பது முறை ஓடினான். பத்து மணி வெயில். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதாயினும் மே மாத வெயிலில் கம்பளிச் சட்டை போட்டு ஓடினால் யாருக்கும் வியர்க்கும். ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் ஒருவர் ஓடிவந்து அவன் முகத்து வியர்வையை ஒற்றி எடுத்துவிட்டுப் போவார். ஏனெனில் கதைப்படி அங்கே குளிர்.

இடைவேளையில் அவன் நம் வெள்ளை அங்கியைக் கண்டு அருகில் வந்தான். பட்டணத்தில் கன்னியர் நடத்தும் பள்ளியில் படிப்பவனாம்; ஆகவே, "ஃபாதர், குட் மார்னிங்" என்றான்.

"படகில் போனாயா தம்பி?" என்று கேட்டோம்.

"மூணு நாளா படகுலதான் இருக்கேன் ஃபாதர். ஆனா கட்டிப் போட்டிருக்காங்க. போகாது."

"துடுப்புப் போட விடவில்லையா?"

"ஈரமாயிட்டா டிரெஸ் மாத்தணும்ல?" என்றவன் சற்று யோசித்துவிட்டு, "லீவுக்கு வந்த மாதிரி நடிக்கிறேன் ஃபாதர். எனக்கு லீவு கிடையாது" என்றான். குறைபட்டுக்கொள்ளும் குரலில் அல்ல; தன் தொழிலை விளக்கும் பெரிய மனிதனைப்போலச் சொன்னான். பிறகு நம்மைக் குனியச் சொல்லிக் காதோடு ஓர் இரகசியம் உரைத்தான். அவனுடைய முன்பல் ஒன்று ஆடத் தொடங்கிவிட்டது. யாரிடமும் சொல்லக் கூடாது. அது விழுந்துவிட்டால், முன்பே எடுத்த காட்சிகளில் பல் இருக்கும், இனி எடுப்பவற்றில் இராது, இயக்குநர் வருந்துவார். அதனால் நான்கு நாளாகச் சப்பாத்தியை ஒரு பக்கமாகவே மென்று வருகிறானாம்.

அவனோடு வந்திருந்த உறவினர் எங்கே என்று வினவினோம். பேருந்துக்குள் உறங்கிக்கொண்டிருப்பதாகக் கை காட்டினான்.

இவ்விடத்தில் வாசக அன்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளை வைத்துப் படம் எடுப்பதையே தீமை என்று கருதுபவர் அல்லர் நாம். நல்ல படத்தில் ஒரு குழந்தையின் முகம் செய்வதை நூறு மறையுரைகள் செய்துவிட முடியாது. ஏ. பீம்சிங் இயக்கிய 'களத்தூர் கண்ணம்மா' 1960-இல் வந்தது; ஏவி.எம். எடுத்த படம். ஐந்து வயதுச் சிறுவனாக அதில் நடித்த கமல்ஹாசன் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றதையும், பின்னர் அவர் அடைந்த உயரத்தையும் நாடே அறியும்.

இந்தியப் படங்களில் பிள்ளைகளின் நடிப்புக்கு மகுடம் என்று சத்யஜித் ராயின் 'பாதேர் பாஞ்சாலி'யைச் (1955) சொல்லுவர். அதன் படப்பிடிப்பைப்பற்றி ராயே எழுதியுள்ளவை அப்படத்தைப்போலவே சுவையானவை. 1952 அக்டோபரில் நாணல் பூத்த ஒரு வெளியில், அப்பு என்னும் சிறுவன் தன் அக்காவைத் தேடி நடந்து வருவதை முதன்முதலாக எடுத்தார்கள். சிறுவன் சுபீர் பானர்ஜி நேராக, விறைப்பாக நடந்தானாம். தேடுகிறவனின் தயக்கம் நடையில் இல்லை. அதட்டினால் வருமா? ராய் அவன் வழியில் ஆங்காங்கே சிறு தடைகளைப் போட்டு வைத்தார். உதவியாளரைப் பூக்களுக்குள் ஒளித்து, இங்கொருவர் அங்கொருவராக அவன் பெயரைச் சொல்லி அழைக்கச் செய்தார். பிள்ளை தயங்கினான், திரும்பினான், தாண்டினான். வேண்டிய நடை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் மீதியை எடுக்கப் போனால் பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்து முடித்திருந்தன. மறு பூப்பருவம் வரையில் காத்திருக்க நேர்ந்தது. பணமில்லாமல் நின்றும் தொடர்ந்தும் மூன்று ஆண்டுகள் அப்படம் இழுத்தது. அதற்குள் அப்புவின் குரல் உடையவில்லை, அக்கா துர்காவாக நடித்த பெண் வளர்ந்துவிடவில்லை, பாட்டியாக நடித்த முதியவர் இறந்துவிடவில்லை என்று மூன்று அற்புதங்களை ராய் பின்னாளில் எண்ணிச் சொன்னார். நம் ஏரிக்கரைச் சிறுவனின் ஆடும் பல்லும் அந்த வகையைச் சேர்ந்ததே.

அப்படத்தில் அக்காளும் தம்பியும் மழையில் நனையும் காட்சி ஒன்று உண்டு. அது மெய்யான மழை. எடுத்து முடித்தபோது பிள்ளைகள் இருவரும் நடுங்கினர். சூடான பாலில் சிறிது பிராந்தி கலந்து கொடுத்து அவர்களைத் தேற்றினார்களாம். பிராந்தி கொடுத்தது சரியா என்று நம் தாய்மார்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்வியை விடுங்கள். பிள்ளைகள் நடுங்குவார்கள் என்று முன்னமே எண்ணிப் பாலைச் சூடாக வைத்திருந்த ஒருவர் அங்கே இருந்தார் என்பதையே நாம் இங்கே குறித்துக்கொள்கிறோம். சுபீர் பானர்ஜி அதன்பின் திரைப்பட நடிகராகத் தொடரவில்லை.

ஆனால் இக்கட்டுரையை நாம் எழுதத் துணிந்தது வேறொரு படத்தின் பொருட்டு.

1957-இல் ஏவி.எம். நிறுவனம் 'ஹம் பஞ்ச்சீ ஏக் டால் கே' என்ற இந்திப் படத்தை எடுத்தது. ஒரே கிளையின் பறவைகள் நாம் என்று பொருள். இயக்கியவர் பி.எல். சந்தோஷி. செல்வர் வீட்டுச் சிறுவன் ஒருவன் எளிய வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து விடுமுறைப் பயணம் புறப்படும் கதை அது. சிறந்த குழந்தைகள் படம் என்று பிரதமரின் தங்கப் பதக்கம் அதற்கு வழங்கப்பட்டது. அதில் நடித்த பிள்ளைகளுள் ஒருத்தி டெய்சி இரானி. அக்காலத்தில் அவளைத் தெரியாத வீடு இல்லை. பெண் குழந்தையாயினும் ஆண் பிள்ளை வேடங்களிலேயே புகழ் பெற்றாள். தமிழிலும் 'யார் பையன்' (1957) படத்தில் ஜெமினி கணேசன், சாவித்திரி ஆகியோரோடு நடித்துத் தாய்மார்களைச் சிரிக்கவும் அழவும் வைத்தாள். 'களத்தூர் கண்ணம்மா'வில் கமல்ஹாசன் ஏற்ற வேடத்துக்கே முதலில் அவளைத்தான் நினைத்திருந்தார்கள் என்பர்.

2018 மார்ச் மாதத்தில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, டெய்சி இரானி வாய் திறந்தார். அந்த விடுமுறைப் படத்தின் வெளியூர்ப் படப்பிடிப்புக்காகச் சென்னைக்கு வந்திருந்தபோது அவருக்கு வயது ஆறு. பாதுகாவலர் என்று ஒருவர் அவரோடு அனுப்பப்பட்டிருந்தார். ஓர் இரவு தங்கும் விடுதியின் அறையில் அந்தப் பாதுகாவலரே அவருக்குப் பாலியல் வன்கொடுமை இழைத்தார், வாரினால் அடித்தார், வெளியில் சொன்னால் கொன்றுவிடுவதாக மிரட்டினார். மறுநாள் காலை அக்குழந்தை ஏதும் நடவாததுபோல் படப்பிடிப்புக்குச் சென்றாள். இவற்றை அவரே நாளிதழுக்குக் கூறினார். இப்போது ஏன் கூறுகிறார் என்பதற்கும் விடை சொன்னார்: இன்று தொலைக்காட்சிக்கும் படங்களுக்கும் ஏராளமான பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களுடைய பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக.

இதைவிட விரித்துரைக்க இப்பக்கம் இடந்தராது. தேவையும் இல்லை. நம் நெஞ்சைக் குத்தியது ஒன்றுதான். அக்குழந்தை தனியே விடப்படவில்லை. காவலுக்கு ஆள் இருந்தது. பெற்றோர் கடமையைச் செய்துவிட்டதாகவே எண்ணியிருப்பர். காவலே கேடாயிற்று. இதனைச் சொல்லும் வாய் நம்முடையதாயிருப்பதில் நமக்குக் கூச்சம் உண்டு. நம்பி ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் குருக்களாலேயே தீங்கு நேர்ந்ததையும், அதனை மூடி மறைத்ததையும் உலகம் அறியும். 2019 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அனைத்துலக ஆயர் பேரவைத் தலைவர்களை வத்திக்கானுக்கு அழைத்து இதுபற்றியே பேச வேண்டியதாயிற்று. ஆகவே சினிமாக்காரரைப் பார்த்து விரல் நீட்டும் எண்ணம் நமக்கில்லை.

மீண்டும் மலைக்கு வருவோம். அவ்வாரச் சனிக்கிழமை மாலை, செபமாலை முடிந்தபின் ஒரு தாய் பங்கு இல்லத்துக்கு வந்தாள். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. கணவன் இல்லை. அவளுடைய மகன் ஒன்பது வயதினன். பீடத்தில் பூசை உதவி செய்பவன். துடுக்கும் அழகும் உள்ளவன். அவனை வேடிக்கைக் கூட்டத்தில் கண்ட உதவி இயக்குநர் ஒருவர் தோட்டத்துச் சிறுவன் வேடத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாராம். ஆறு நாள் வேலை. நாளொன்றுக்கு அவள் தோட்டத்தில் நான்கு நாள் பெறும் கூலி.

"என்ன சாமி, அனுப்பட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றாள்.

அவள் நிலைமையை நாம் அறிவோம். காப்பி அறுவடை கார்த்திகை, மார்கழி, தையோடு முடிந்துவிடும். மிளகும் பறித்தாகிவிட்டது. மே மாதத்தில் தோட்டத்தில் வேலை அரிது. ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம்; நோட்டு, சீருடை, செருப்பு. அவளுக்குத் தேவனே வழி திறந்ததுபோல் இருந்திருக்கும்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பாயிருந்தால் நாமும் உடனே தலையசைத்திருப்போம். அசைத்தும் இருக்கிறோம். நாம் இளங்குருவாய் வேறோர் ஊரில் இருந்த காலத்தில், படம் எடுக்க வந்தவர்கள் கூட்டக் காட்சிக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் வேண்டும் என்றார்கள். எங்கே, எவ்வளவு நேரம், யார் பொறுப்பு என்று ஒன்றும் கேட்காமல் நம் பீடப் பிள்ளைகளை அனுப்பி வைத்தோம். நமக்கும் ஒரு பெருமை. மாலை ஆறு மணிக்குத் திரும்ப வேண்டியவர்கள் இரவு பதினொன்றரைக்கு ஒரு லாரியின் பின்புறத்தில் வந்து இறங்கினர். காலையில் தந்த பொட்டலச் சோற்றுக்குப்பின் அவர்களுக்கு உணவு கிடையாது. ஒருவனுக்குக் கடும் காய்ச்சல். கோவில் வாசலில் பெற்றோர் நின்ற நிற்பும், நம்மை ஒரு சொல்லும் சொல்லாமல் பிள்ளைகளை அழைத்துச் சென்ற மௌனமும் இன்னும் நம்மைவிட்டு நீங்கவில்லை.

ஆகவே அத்தாயை உட்காரச் சொல்லி, சில செய்திகளை விளக்கினோம். அவற்றை இங்கும் எழுதுகிறோம். நம் பங்குக் குடும்பங்களில் பலர் அறியாதவை. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரம் ஆகியவற்றில் நடிப்பதற்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் விலக்குக்கு வேலி உண்டு. அவ்வேலியை 2017-ஆம் ஆண்டு விதிகள் கட்டின. பிள்ளை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்குமேல் வேலை செய்தல் ஆகாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணிக்குமேல் ஆகாது. தொடர்ந்தாற்போல் இருபத்தேழு நாளுக்குமேல் ஆகாது. பள்ளிப் படிப்பும் தடைப்படக் கூடாது. படப்பிடிப்பு எந்த மாவட்டத்தில் நடக்கிறதோ அம்மாவட்ட ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டி இசைவு பெற வேண்டும். நடிக்கும் பிள்ளைகளின் பட்டியல், பெற்றோரின் இசைவு, பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் யார் என்பதெல்லாம் அதில் எழுதித் தரப்பட வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளராவது வேண்டும். பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது. இன்னொன்று: பிள்ளை ஈட்டும் பணத்தில் குறைந்தது நூற்றுக்கு இருபது பங்கு, அப்பிள்ளையின் பெயரிலேயே நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாகப் போடப்பட வேண்டும், வயது வந்தபின் அவனுக்கே சேரும்.

கடைசி விதி எங்கிருந்து முளைத்தது என்றும் அவளிடம் சொன்னோம். சார்லி சாப்ளின் 1921-இல் எடுத்த 'தி கிட்' படத்தில் ஒரு சிறுவன் வருவானல்லவா? ஜாக்கி கூகன் என்பது அவன் பெயர். உலகமெங்கும் புகழ் பெற்று, இலட்சக்கணக்கான டாலர் ஈட்டினான். வளர்ந்து, தன் பணம் எங்கே என்று கேட்டபோது ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. 1938-இல் தன் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குத் தொடுத்தான், கிடைத்தது சொற்பம். அதன்பின் 1939-இல் கலிபோர்னியா மாநிலம், பிள்ளை நடிகரின் ஊதியத்தில் ஒரு பங்கைக் காப்பதற்கு அவன் பெயராலேயே சட்டம் இயற்றியது.

"என் பிள்ளை காசை நான் எடுத்துக்குவேனா சாமி?" என்றாள் அவள். கோபம் வந்துவிட்டது. நாம் உவமை சொன்ன இடம் தவறு. ஜூன் மாதச் செருப்புக்காக வந்தவளிடம் அமெரிக்கக் கோடீசுவரப் பிள்ளையின் வழக்கைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் ஞாயிறு பூசைக்குப்பின் அவளும் நாமும் படப்பிடிப்பு மேலாளரைக் கண்டோம். மரியாதையாக நடந்துகொண்டார்; காப்பி வரவழைத்தார். ஆட்சியரின் இசைவு பெற்ற தாளையும் காட்டினார். பட்டணத்துச் சிறுவனின் பெயர் அதில் இருந்தது, ஒழுங்காகவே செய்திருந்தார்கள். தோட்டத்துச் சிறுவனின் வேடத்துக்குச் சென்னையிலிருந்து வரவேண்டிய பிள்ளைக்கு அம்மை கண்டுவிட்டதால், உள்ளூரில் ஆள் தேடினார்களாம். "இவனையும் பட்டியலில் சேர்த்து எழுதித் தருவீர்களா?" என்றோம். சேலம் போய் வர இரண்டு மூன்று நாள் ஆகுமே என்றார். "எந்நேரம் வேலை?" என்றோம். மூன்று நாள் பகல். மீதி மூன்று நாள் மாலையில் மழைக் காட்சி. தண்ணீர் லாரி சொல்லியாகிவிட்டது.

ஏற்காட்டில் மாலை ஐந்தரைக்குமேல் பனி இறங்கும். அப்போது லாரித் தண்ணீரைக் குழாய் வழியே பீய்ச்சி ஒன்பது வயதுப் பிள்ளையை நனைப்பது என்றால்? "பகலில் எடுக்கலாகாதா?" என்று கேட்டோம். பகலில் வெயில் தெரியும். மழை எடுபடாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "தாய் கூடவே இருக்கட்டும், நனைந்ததும் துடைத்து உடை மாற்ற ஓர் அறை வேண்டும், சூடாக ஏதேனும் வேண்டும், பட்டியலில் பெயர் வேண்டும்" என்றோம். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். யோசித்துச் சொல்லியனுப்புவதாகக் கூறினார்.

சொல்லியனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை, நாலைந்து மைல் தள்ளியுள்ள ஒரு சிற்றூரில் வேறொரு பையனைப் பிடித்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அவனுடைய தந்தை ஒன்றும் கேட்கவில்லையாம்.

அத்தாய் நம்மை ஏசவில்லை. ஆனால் அவ்வார ஞாயிறும் அடுத்த ஞாயிறும் பூசையில் தூணுக்கு அப்பால் அமர்ந்தாள். நற்கருணை வாங்க வரும்போதும் நம் முகத்தைப் பார்க்கவில்லை. ஜூன் மாதத்தில் அவள் மகன் பழைய செருப்போடு பள்ளிக்குப் போனான். பங்கின் ஏழையர் நிதியிலிருந்து ஏதேனும் தரலாம் என்று சொல்லியனுப்பியபோது, வேண்டாம் என்று திருப்பிச் சொல்லியனுப்பினாள்.

இப்போது நம் குறையையும் எழுதிவிடுகிறோம். விதிகளை எல்லாம் அத்தாயிடம் ஒப்பித்த நாம், அந்த வேறொரு பையன் எந்தப் பட்டியலில் இருக்கிறான் என்று போய்க் கேட்கவில்லை. 1098 என்ற எண்ணுக்கு ஒரு தொலைபேசி செய்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. அவன் நம் பங்கைச் சேர்ந்தவன் அல்லன். மழைக் காட்சி எடுத்த மாலைகளில் நாம் பங்கு இல்லத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். படக் குழுவினர் மலை இறங்கியபின் ஒருநாள் மனம் கேளாமல் அச்சிற்றூருக்குச் சென்று விசாரித்தோம். பையன் நலமாக இருந்தான். இரண்டு மாலை நனைந்தானாம். கம்பளியும் சுக்குக் காப்பியும் தந்தார்களாம். கூட்டத்தில் ஒரு அக்கா தலை துவட்டிவிட்டாளாம். கையில் பணம் கொடுத்தார்கள். வங்கிக் கணக்கு ஏதும் உண்டா என்று தந்தையைக் கேட்டோம். அவர் சிரித்தார்.

இவ்வாறெல்லாம் வேண்டாமல் நேராகவே நடக்கவும் கூடும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அதுவும் நம் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றிலிருந்து. 2011-இல் வெளிவந்த 'ஸ்டான்லி கா டப்பா' என்ற இந்திப் படத்தை, மும்பை அந்தேரியிலுள்ள திருக்குடும்பப் பள்ளியில் அமோல் குப்தே எடுத்தார். உணவுப் பெட்டி கொண்டுவர வழியில்லாத ஒரு மாணவனின் கதை. அவன் ஏன் கொண்டுவரவில்லை என்பது பிற்பகுதியில் தெரியும்போது நெஞ்சு கனக்கும். பிள்ளைத் தொழிலாளரைப்பற்றிய படத்தில் பிள்ளைகளிடமே வேலை வாங்குவது எப்படி என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. ஆகவே சனிக்கிழமைகளில் மட்டும், நாலைந்து மணி நேரம், நாடகப் பயிற்சி வகுப்பாக நடத்தினார். சிறிய கேமரா; பெரிய விளக்குகள் இல்லை. ஒன்றரை ஆண்டு சென்றது. ஒரு பிள்ளையும் ஒருநாள் பள்ளி தவறவில்லை. பிள்ளைகள் பலருக்குத் தாம் ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாது. ஸ்டான்லியாக நடித்த அவருடைய மகன் பார்த்தோவுக்குத் தேசிய விருது கிடைத்தது. எல்லாராலும் ஒன்றரை ஆண்டு காத்திருக்க முடியாதுதான். வாடகைக் கேமராவுக்கும் லாரிக்கும் நாள் கணக்கில் பணம் கட்டுகிறவருடைய தவிப்பு வேறு. அந்த மேலாளர் தீயவர் அல்லர்; காலையில் மேகம், மாலையில் பனி, நடுவே அம்மை என்று அவரும் திண்டாடினார்.

படம் வெளிவந்து, சில மாதங்களில் தொலைக்காட்சிக்கும் வந்தது. பங்கு இல்லத்துத் தொலைக்காட்சியின்முன் பீடப் பிள்ளைகள் கூடிவிட்டனர். அத்தாயும் மகனைத் தேடி வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. ஏரி வந்தது. பட்டணத்துச் சிறுவன் புல்மேட்டிலிருந்து ஓடிவந்து, "அப்பா, படகு!" என்றான். ஒன்பது முறை ஓடியவன் திரையில் ஒரே ஒரு முறை ஓடினான். முன்பல் இரண்டும் இருந்தன. பிறகு மழைக் காட்சி. அச்சிற்றூர்ப் பையன் பாறையோரம் நனைந்தபடி நின்று, போகும் வண்டியைப் பார்த்துக் கையசைக்கிறான். அரை நிமிடம் இருக்கும். நன்றாகவே செய்திருந்தான்.

"அது நான் நிக்க வேண்டிய இடம்" என்றான் நம் பீடச் சிறுவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

படம் முடிந்து பிள்ளைகள் கலைந்தபின்னும் அவள் வாசற்படியில் நின்றாள். மாதக்கணக்கில் நம்மோடு பேசாதிருந்தவள், "அந்தப் பையனுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா சாமி?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. நாம் விசாரித்தோம்" என்றோம்.

"சரி" என்றாள். மகனின் தோளில் கை வைத்து, பனியில் இறங்கிப் போனாள்.